பிரதி இல்லாத படங்களும் மிஞ்சிய தீர்ப்புகளும்

போன கிழமை சென்னைப் படங்கள் எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்த்தோம். இந்தக் கிழமை இலங்கையில் நாங்களே எடுத்த தமிழ்ப் படங்களுக்கு நாங்களே எழுதிய விமர்சனங்களின் கதை.

திரியாயிலிருந்து இதைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் இந்த ஊர்க்காரர் தியேட்டரில் படம் பார்ப்பதென்றால் குச்சவெளி, கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி எல்லாம் தாண்டித் திருகோணமலைப் பட்டணத்துக்குப் போகவேண்டும். நாற்பது கிலோமீற்றருக்கு மேல். இரவுக் காட்சிக்குப் போனால் அன்று வீடு திரும்புவது நடக்காது; பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பி, விடிய முதல் பஸ். வயல் வெட்டி, நெல்லு விற்றுக் கையில் காசு புழங்கும் நாட்களில்தான் அந்தப் பயணம். அப்படிப் போன சனம் தியேட்டரில் கூக்காட்டிவிட்டு வந்தது என்றால், அதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது.

இங்கே ஒரு பெரியவரிடம் அந்தக் காலத்து இலங்கைப் படங்களைப் பற்றிக் கேட்டேன். ஒரு படத்தின் பேர் அவருக்கு மறந்துபோயிற்று. குறை மறக்கவில்லை. “அந்தப் பிள்ளை வாயை மூடிப்போடும் தம்பி, குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும்” என்றார். பின்குரல் சேர்க்கையின் பிழையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியுமா தெரியாது. பழைய பத்திரிகைகளில் நான் வாசித்த பல விமர்சனங்களில் இந்த ஒரு வரிக்கு ஈடான தகவல் இல்லை.

1962இல் 16 மில்லிமீற்றர் சுருளில் வந்த ‘சமுதாயம்’ எங்கள் முதல் படம். அடுத்த ஆண்டு ‘தோட்டக்காரி’. 1966இல் ‘கடமையின் எல்லை’. அது சேக்ஸ்பியரின் ஹாம்லெற் கதை. 1978 ஒரே ஆண்டில் ஆறு படங்கள் வந்தன. அவற்றுள் ‘தென்றலும் புயலும்’ திருகோணமலையைச் சேர்ந்த டாக்டர் வேதநாயகம் தயாரித்தது. இந்தப் படங்களெல்லாம் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஓடிய அதே திரையில், அதே ரிக்கற் விலைக்கு ஓடவேண்டியிருந்தது. பார்க்க வந்தவர் கண்முன்னால் ஏற்கெனவே சென்னை ஸ்ரூடியோக்களின் வெளிச்சம் இருந்தது.

விமர்சகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கத்தார், பிறந்த பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள் என்றார்கள். மற்றப் பக்கத்தார், இந்தியப் படத்தின் காலடிக்கும் வராது என்று ஒரே போடாகப் போட்டார்கள். இரு சாராருமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். சலுகை கொடுத்தவர் எந்தக் காட்சி நின்றது என்று சொல்லவில்லை. சாடியவர் எந்தக் காட்சி சரிந்தது என்று சொல்லவில்லை. கதை பழசு, நடிப்பு செயற்கை, பாட்டுகள் பரவாயில்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் மூன்று வசனங்கள் இவை.

மட்டக்களப்பில் பிறந்த கே. எஸ். சிவகுமாரன் இந்தக் கூட்டத்தில் வேறுபட்டவர். 2022இல் காலமாகும்வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் சினிமா பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். கடுமை அவருக்கு வராது. அது அவருடைய பலவீனம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் படத்தில் என்ன இருந்தது என்பதை முதலில் விவரித்து வைப்பார். இன்று அந்த விவரிப்புத்தான் கைகொடுக்கிறது. தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்ற நூலில் படம் படமாகத் தகவல்களைத் தேடித் தொகுத்துவைக்காவிட்டால், இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1983 யூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. எங்கள் பழைய படங்கள் பலவற்றை இனி எவரும் பார்க்க இயலாது. பிரதி போய்விட்டது, அதைப் பற்றிய தீர்ப்பு மட்டும் நூலகங்களில் கிடக்கிறது. குற்றவாளி இறந்த பிறகு மேன்முறையீடு இல்லை என்பதுபோல அந்தத் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாகிவிட்டது. “பார்க்கச் சகிக்கவில்லை” என்று எழுதிய விமர்சகர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன்னுடைய அந்த ஒரு வரி மட்டுமே அந்தப் படத்துக்குச் சாட்சியாக நிற்கப்போகிறது என்று நினைத்திருக்கமாட்டார்.

தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் பிரதியும் இன்று இல்லை. அந்தக் காலத்தில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் இருக்கிறது. அந்தப் படத்தை ஆராய்கிற எவரும் அந்தப் பக்கத்தைத்தான் தேடிப்போகிறார்கள்.

பிரதி தப்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சில் ஓர் உதாரணம். ஜான் ரெனுவாரின் ‘விளையாட்டின் விதிகள்’ 1939 யூலையில் பாரிஸில் திரையிடப்பட்டபோது சனம் கூச்சலிட்டது. இயக்குநர் பயந்துபோய்ப் படத்தை வெட்டிக் குறுக்கினார். பிறகு அரசாங்கம் தடைசெய்தது. 1942இல் மூலச்சுருள் குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் மிஞ்சிய துண்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தேடி ஒட்டி, 1959இல் வெனிஸ் விழாவில் காட்டினார்கள். இன்று உலகின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’, 1977. காவலூர் ராஜதுரையின் திரைக்கதை. சீதனத்துக்குக் காத்திருந்து வயது ஏறிப்போன அக்கா, சாதி மாறிக் காதலிக்கும் தங்கை, பேசாமல் நகரும் ஒரு வீடு. சண்டையும் டூயற்றும் எதிர்பார்த்து வந்த சனம் கைவிட்டது, தியேட்டரில் நிலைக்கவில்லை. தோல்விப் படம் என்ற முத்திரை விழுந்தது. அந்தப் பிரதி தப்பியதால், பின்னால் வந்த தலைமுறை தன் கண்ணாலே பார்த்து வேறு முடிவுக்கு வந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் அதையே முதலில் வைப்பவர்கள் இன்று பலர். நானும் அப்படித்தான் வைக்கிறேன். ஆனாலும் மெதுவாகப் போகிறது என்று அன்று எழுந்துபோனவர் பொய் சொல்லவில்லை. படம் மெதுவாகத்தான் போகிறது. அந்த மெதுவில் எதைக் காட்டுகிறார்கள் என்பதை அருகிருந்து எடுத்துச்சொல்ல அந்த நேரத்தில் போதிய எழுத்து இல்லாமற் போனதுதான் இழப்பு.

திரியாய் மலையில் கிரிகண்டு சைத்தியத்துக்குப் பக்கத்தில், பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிச் சாசனம் இருக்கிறது. வழிபாட்டிடத்தைத் தொடங்கிவைத்த இரண்டு வணிகக் கூட்டத்தாரின் பெயர்கள் அதில் உள்ளன. கல்லில் வெட்டியதால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அந்த மலைக்குக் கீழே இருந்த ஊர் 1985இல் எரிக்கப்பட்டது. சனம் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்தே திரும்பியது. பழைய வாரமலர், பாட்டுப் புத்தகம் என்று இங்கே வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். எவரிடமும் ஒரு தாள் இல்லை. மிஞ்சியிருப்பது ஆட்களின் நினைவு.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தென்றலும் புயலும்’, ‘வாடைக்காற்று’, ‘குத்துவிளக்கு’, எதுவானாலும் தியேட்டரில் பார்த்தவர்கள் இருந்தால், நினைவில் நிற்கும் ஒரு காட்சியை இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். எந்த இடத்தில் கூக்காட்டினீர்கள், ஏன் காட்டினீர்கள், அப்போது திரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற கடிதங்களை அடுத்த கிழமையிலிருந்து இந்தத் தொடரிலேயே போடுவோம்.