சட்டைப்பைக்குள் ஒரு வெளிச்சம்

இரவில் மடை மாற்ற வயலுக்குச் செல்லும் உழவருக்கும், வைகறைத் திருப்பலிக்குப் புறப்படும் மூதாட்டிக்கும், கடைசிப் பேருந்தில் இறங்கி ஊருக்குள் நடந்துவரும் மாணவிக்கும் பொதுவாகத் தேவைப்படும் பொருள் ஒன்று உண்டு. அதுவே டார்ச் லைட் என்று நாம் வழங்கும் கைவிளக்கு. இத்துணைச் சிறிய கருவியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு அது உயிரோடு தொடர்புடையது என்பதே நமது விடை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என 2020-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். தமிழக அரசும் 2024 நவம்பரில், மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவற்றுள் பாம்புக்கடியைச் சேர்த்தது. நெல் விளையும் இடத்திற்கு எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்ணாடிவிரியனின் மண்ணிறம் வைக்கோலோடும் காய்ந்த வரப்போடும் ஒன்றிவிடும். கட்டுவிரியனோ இரவில்தான் வெளிவரும். இவற்றை மிதித்த பின் அறிவதைவிட மிதிக்குமுன் காண்பதே காப்பு.

நீண்ட குழலிலிருந்து விரலளவுக்கு

கையில் பிடிக்கும் குழல் வடிவ மின்விளக்கிற்கு அமெரிக்காவில் 1899-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்காலத்து பேட்டரி வலுவற்றது. சிறிது நேரம் பளிச்சிட்ட பின் அதற்கு ஓய்வு தர வேண்டும். பின்னர் நம் ஊர்களுக்கு வந்த உலோகக் குழல் விளக்குகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் இடும் பெரிய பேட்டரிகள் இரண்டை வரிசையாக வைத்தால் அவையே 12 சென்டிமீட்டர் நீளம் வரும். அதனை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதில்லை. வீட்டில் மாடத்தில் இருந்தது. தேவைப்பட்டபோது தேடி எடுக்கப்பட்டது.

நீல எல்.இ.டி. கண்டுபிடிப்பால் வெண்மையான எல்.இ.டி. ஒளி கைகூடியது. அதற்காக ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அதன் பயனாக இன்று 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பென்சில் பேட்டரியே வரப்பில் வழிகாட்டப் போதுமானதாகிவிட்டது.

பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

கடையில் உறையின்மேல் 1000 லூமென், 2000 லூமென் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். லூமென் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. வீட்டிற்குள் நடமாட 5 அல்லது 10 லூமென் போதும். வரப்பிலும் தெருவிலும் 50 முதல் 100 வரை இருந்தால் நிறைவு. சிறு கணக்கு ஒன்றையும் நினைவிற்கொள்ளலாம். 100 லூமென் ஒளிக்கு ஏறத்தாழ 1 வாட் மின்சாரம் செலவாகும். நல்ல பென்சில் பேட்டரி ஒன்றில் உள்ளது 3 வாட்-மணி அளவே. ஆகவே 100 லூமென் ஒளி ஏறத்தாழ 3 மணி நேரம் நிற்கும். அதே பேட்டரியில் 1000 லூமென் இரவு முழுவதும் எரியும் என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதற்கில்லை.

‘60 மணி நேரம் எரியும்’ என்னும் வாக்குறுதியையும் ஆராய வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் பல பின்பற்றும் அமெரிக்க அளவுமுறைப்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதும் ‘எரியும் நேரம்’ ஆகும். ஒளி எட்டும் தொலைவும் அவ்வாறே. முழுநிலவின் வெளிச்ச அளவுக்கு ஒளி மங்கும் இடமே அதன் எல்லை. 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அங்கே நிலா வெளிச்சம்தான் கிடைக்கும்.

வாங்குமுன் சில சோதனைகள்

முதலாவது, ஈரக்கையால் இருட்டில் பொத்தானைத் தடவி ஏற்ற முடிகிறதா? வீட்டிலுள்ள பாட்டியாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை ஏற்ற வேண்டும். ஐந்தாறு முறை அழுத்தினால்தான் வேண்டிய ஒளி வரும் என்றாலோ, இடையிடையே மின்னி மின்னி எரிந்தாலோ அவசரத்தில் உதவாது.

இரண்டாவது, சுவரில் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். நடுவில் கூர்மையான வட்டம் மட்டும் தெரிவது தொலைவில் பார்க்க ஏற்றது. கால்வழிக்குப் பரவலான ஒளியே வேண்டும். நீலம் பாய்ந்த வெண்மையைவிடச் சற்று மஞ்சள் சார்ந்த ஒளியில் மண்ணும் சருகும் பாம்பின் தோலும் வேறுபட்டுத் தெரியும். மார்கழிப் பனியிலும் அது கண்ணைக் கூசச் செய்வது குறைவு.

மூன்றாவது, நீர்க்காப்பு. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தூறலையும் தெறிப்பையும் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். வாய்க்கால் கடப்போருக்குப் பின்னதே பொருத்தம்.

நான்காவது, உடலோடு தங்குதல். சட்டைப்பைக்குக் கவ்வி வேண்டும். சேலை உடுத்தும் பெண்களுக்கும் வேட்டி மடியில் செருகுவோருக்கும் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டக் கயிறு வேண்டும். கயிறு கோக்கத் துளையில்லாத விளக்கு வீட்டில் பாதிப்பேருக்குப் பயன்படாது.

கைப்பேசி போதாதா?

இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. கைப்பேசியின் வெளிச்சம் சில அடிகளுக்கு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சேற்றுக் கையோடு அதைப் பிடிப்பது கடினம். வாய்க்காலில் விழுந்தால் விளக்கும் தொடர்பும் ஒருங்கே போகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரைகடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் கைப்பேசியில் எஞ்சியிருக்கும் மின்சாரத்தைப் பேசுவதற்கே காத்துவைக்க வேண்டும்.

இதே காரணத்தால், மின்னேற்றம் செய்யும் விளக்கை மட்டும் நம்பியிருத்தலும் சரியன்று. அன்றாடப் பயனுக்கு அது சிக்கனமானதே. ஆனால் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றும் வீட்டில் இருத்தல் வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்பாகம் அரித்துவிடும். வலிய விளக்குகள் பைக்குள் தாமாக ஏறிச் சூடாவதுண்டு. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பெரும்பாலானவை எரியா.

பிடிக்கும் முறை

விளக்கை முகத்தருகே உயர்த்திப் பிடித்தால் மேடுபள்ளங்களின் நிழல் மறைந்துவிடும். இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, இரண்டு மூன்று எட்டுக்கு முன்னால் ஒளி விழுமாறு பிடித்தால் குழியும் கல்லும் ஊரும் உயிரும் நிழலோடு புலப்படும். வேளாங்கண்ணிக்கு இரவில் நடந்து செல்லும் திருப்பயணிகள், பின்னால் வரும் வாகனங்கள் காணும்படி வரிசையின் கடைசியிலும் ஒரு விளக்கை வைத்துக்கொள்வார்களாக.

எச்சரிக்கையையும் மீறிப் பாம்பு கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை அசையாது வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில் நமது முடிவு இது: மிகுந்த ஒளியுடையது சிறந்த விளக்கன்று, கொல்லைக்குப் போகும் பத்து அடிக்கும் மறவாமல் கையில் வருவதே சிறந்தது. சம்பா நடவு தொடங்குமுன் வாசற்படியருகே ஓர் ஆணி அடித்து அதில் விளக்கை மாட்டுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதை ஏற்றிப் பார்க்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.