வெளியே எரியும் அடுப்பு, உள்ளே ஓடும் பிஸ்டன்

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே வெடித்து எரிகிறது. ஸ்டர்லிங் இன்ஜினில் தீ வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பது அடைபட்ட வாயு மட்டும். காற்றோ ஹீலியமோ ஹைட்ரஜனோ. சிலிண்டரின் ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி. சூடான பக்கம் போன வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும். குளிர்ந்த பக்கம் வந்ததும் சுருங்கும். வெடிப்பே இல்லாததால் சத்தம் குறைவு. விறகு, உமி, சாண எரிவாயு, வெயில் என எந்தச் சூடும் இதற்குப் போதும்.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை கேட்டபோது அவர் முக்கியமாகக் கருதியது வெப்பச் சேமிப்பானைத்தான். இன்றைய இன்ஜின்களில் அது நெருக்கமாக அடுக்கிய மெல்லிய கம்பி வலை. சூடான வாயு குளிர்ந்த பக்கம் போகும் வழியில் தன் சூட்டை வலையில் விட்டுச் செல்கிறது. திரும்பும்போது அதையே எடுத்துக்கொள்கிறது. வலை இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூடு குளிர்நீரோடு வீணாகப் போய்விடும். இன்ஜினின் உயிரே இந்த வலைதான் என்பேன்.

அவர் தம்பி ஜேம்ஸ் 1843-இல் டண்டீ வார்ப்பட ஆலையில் பெரிய இன்ஜின் ஒன்றை ஓட்டினார். சூடான முனை அடிக்கடி பழுதானது. அக்கால இரும்பு அந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. நீராவி வென்றது.

இதே இயந்திரத்தை மோட்டார் வைத்துச் சுழற்றினால் ஒரு முனை குளிரத் தொடங்கும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1950-களில் இப்படிக் காற்றையே திரவமாக்கியது. இன்ஜினாக ஓட்டும்போது குளிர்நாட்டு வீடுகளில் இன்னொரு லாபம்: மின்சாரம் தந்தபின் மிஞ்சும் சூடு வீணாகாமல் அறைகளுக்கும் குளியல் நீருக்கும் போகிறது. நியூசிலாந்தின் விஸ்பர்ஜென் என்ற ஸ்டர்லிங் இன்ஜின் இப்படி வீடுகளுக்கு வந்தது. சுவீடனின் காட்லாண்ட் நீர்மூழ்கி, திரவ ஆக்சிஜனோடு டீசலை எரித்து ஸ்டர்லிங் இன்ஜினை ஓட்டி, வாரக்கணக்கில் மேலே வராமல் இருக்கும்.

எடை அதிகம், விலை அதிகம், வேகத்தைச் சட்டென்று கூட்ட முடியாது. ஆகவே காருக்கு இது ஒத்துவரவில்லை. ஒரே சீரான வேகத்தில் ஓடும் வேலைக்கே இது ஏற்றது. 2008-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கண்ணாடித் தட்டால் வெயிலைக் குவித்து ஓடிய ஸ்டர்லிங் இன்ஜின் 31.25 சதவீதச் சூரிய ஆற்றலை மின்சாரமாக்கிக் காட்டியது.

கொதிநீர் டம்ளரின் மேல் வைத்தாலே சக்கரம் சுழலும் சிறு ஸ்டர்லிங் மாதிரிகள் விற்கப்படுகின்றன. பனிக்கட்டியின் மேல் வைத்தால் எதிர்த்திசையில் சுழலும். பள்ளி ஆய்வகங்கள் ஒன்றையாவது வாங்கி மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.