வர்ணத்துக்கு முன்

தந்தையார் இருபது ஆண்டுகள் ஓட்டிய சைக்கிளை ரயில் பார்சலில் இங்கே கொண்டுவந்தேன். ஆங்காங்கே துரு கண்டிருந்தது. அதன்மேலேயே கறுப்பு எனாமலைப் பூசினேன்; பளபளத்தது! ஒரே மழைக்காலம், வர்ணம் ஏடு ஏடாய் உரிந்தது. இரசாயனம் பயில்பவனுக்கு இது தலைக்குனிவல்லவா?

காரணம் எளிது. இரும்போடு நீரும் ஆக்சிஜனும் கூடினால் துரு பிறக்கிறது. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்ளும். ஆகவே மேலுள்ள வர்ணத்தைத் தூக்கி எறிகிறது. அதன் நுண்துளைகளில் ஈரமும் தங்கும்.

இம்முறை ஒழுங்காகச் செய்தேன். முகமூடியணிந்து, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, 80-ஆம் எண் உப்புத்தாளாலும் பின் 180-ஆம் எண்ணாலும் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்தேன். அந்த நுண்கீறல்களே வர்ணத்துக்குப் பிடிப்பு. அடிக்குழாயில் ஊசிமுனைக் குழிகள் தென்பட்டன; இன்னும் சில மழை கண்டிருந்தால் குழாயே ஓட்டையாகியிருக்கும்.

பிறகு திறந்தவெளியில், தின்னரில் நனைத்த தூய துணியால் துடைத்தேன். மண்ணெண்ணெய் கூடாது, பசை தங்கும். துடைத்த இடத்தை வெறுங்கையால் தொடவும் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறதே!

அன்றே, ஈரமில்லாத பகலில், ரெட் ஆக்சைடு பிரைமரை மெல்லியதாக இருமுறை பூசினேன். வேடிக்கை பாருங்கள்: அந்தச் செந்நிறப் பொடியும் இரும்பின் ஆக்சைடுதான்! முன்னமே ஆக்சிஜனோடு கூடிவிட்டதால் அது மேலும் துருப்பிடிப்பதில்லை. ஆயினும் பிரைமர் மட்டும் போதாது, ஈரம் ஊடுருவும். அது காய்ந்தபின் எனாமல் பூசினேன்.

இவ்வாண்டு மழை முடிந்தது, வர்ணம் அசையவில்லை. நண்பர்களே, உங்கள் வண்டிகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.