பச்சை ஸ்மைலியை நம்பலாமா?

போன வருடம் எங்கள் ஆபீசில் 'ஸ்டெப் சேலஞ்ச்'. தினமும் 10,000 அடி நடக்கணும், ஜெயிக்கிற டீமுக்கு கிஃப்ட் கார்டு. ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு நான் இந்தியா டீமோடு மீட்டிங்கில் இருக்கிறேன். ஏழு வயது மகள் என் வாட்சைக் கட்டிக்கொண்டு சோபாவில் குதிக்கிறாள். "அம்மா, உனக்கு இன்னும் ரெண்டாயிரம்தான் பாக்கி!" சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவளோடு சாப்பிடக்கூட உட்காரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு இந்த 'வெல்னெஸ்' திட்டங்கள் பழக்கம்தான். தியான ஆப், ஜிம்முக்குப் பணம், உடல் பரிசோதனை செய்துகொண்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி. இதனால் உடம்பு தேறுகிறதா?

இலினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர்கள் சுமார் 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து இதைச் சோதித்தது. திட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மருத்துவச் செலவிலோ உடற்பயிற்சிப் பழக்கத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பரிசோதனை செய்துகொண்டவர்கள்தான் கூடியிருந்தார்கள். தானாக முன்வந்து சேர்ந்தவர்களோ, ஏற்கனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை டியூஷனில் சேர்த்துவிட்டு, டியூஷனால்தான் மார்க் வந்தது என்கிற கதைதான்.

பிஜேஸ் கடைகளில் 160 கிளைகளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பதினெட்டு மாதம் கழித்து, "உடற்பயிற்சி செய்கிறோம்" என்று சொன்னவர்கள் அதிகம். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், லீவு நாட்கள் எதிலும் பெரிய மாற்றம் இல்லை.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? என் கதையைக் கேளுங்கள். ஆபீஸ் பரிசோதனையில் என் பிஎம்ஐ 24. திரையில் பச்சை ஸ்மைலி. போனில் சொன்னதும் அப்பா, "நம்ம வீட்ல எல்லாருக்கும் சுகர் இருக்கும்மா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு" என்றார். அவர் பயந்தது சரிதான். 25க்குக் கீழே 'நார்மல்' என்பது பொதுக் கணக்கு. நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினருக்கு எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் பிஎம்ஐ 23 தொட்டாலே சோதிக்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015இலேயே பரிந்துரைத்தது. டாக்டர் எடுத்த ஹெச்பிஏ1சி 6.0 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய கட்டம். ஸ்மைலி இதைச் சொல்லவே இல்லை.

அந்த ரிப்போர்ட்டோடு மேனேஜரிடம் பேசினேன். கிஃப்ட் கார்டு வேண்டாம், ராத்திரி மீட்டிங்கைக் காலை எட்டு மணிக்கு மாற்றுங்கள் என்றேன். இந்தியாவில் அது சாயங்காலம்தான். இரண்டு வாரத்தில் மாற்றினார். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வும், வேலையில் தன் கையில் எதுவும் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்றே காட்டியது. அடி எண்ணும் வாட்சுக்கு அது தெரியாது.

இப்போது ஏழு மணிக்கு மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், பிறகு தெருமுனை வரை ஒரு நடை. அடுத்த டெஸ்ட் இன்னும் வரவில்லை.

உங்கள் ஆபீசிலும் பரிசோதனை இருந்தால் விடாதீர்கள், அதுதான் உருப்படியான பகுதி. ஸ்மைலியோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் சுகர் வந்தது என்று இந்த வாரமே போனில் கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.