சங்கர்லாலுக்குப் பக்கத்தில் ஒரு சமையல் புத்தகம்

மேற்குத் தாம்பரத்தில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இன்னும் சில தனி வீடுகள் மிச்சமிருக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் கூடத்தில், சுவரில் பதித்த மர அலமாரி. மேல்தட்டில் தமிழ்வாணனின் சங்கர்லால் வரிசை. அதை ஒட்டி மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. அடுத்து சுஜாதா, அவருக்கு இந்தப் பக்கம் அசோகமித்திரன். கீழ்த்தட்டில் ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், இரும்புக்கை மாயாவி காமிக்ஸ், கோயில் தல வரலாறுகள், பழைய பஞ்சாங்கங்கள். அகரவரிசையும் கிடையாது, வகைவரிசையும் கிடையாது. எந்தப் புத்தகம் எப்போது வந்ததோ, அப்போது இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது.

அலமாரிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், எழுபதை நெருங்கும் பெண்மணி. “கைக்கு எது வருதோ அதைப் படிப்பேன். இது ஒசத்தி, அது மட்டம்னு பிரிச்சதே இல்லை” என்கிறார். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ படித்த இரவு விளக்கை அணைக்காமல் தூங்கினாராம். பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்த்தும் மோதிக்கொண்டதில், தான் கடைசிவரை பேய்க் கட்சியில்தான் இருந்ததாகச் சொல்கிறார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பற்றிக் கேட்டால் குரல் மாறுகிறது. “அது கதையே இல்லைங்க. குடத்தை வரிசையில வெச்சுட்டு நின்னவளுக்குத் தெரியும்.” ‘சமைத்துப் பார்’ 1951-ல் வந்த புத்தகம். இவரிடம் இருப்பது மாமியார் கொடுத்த பிரதி. குழம்புப் பக்கங்களில் புளிக்கறை. ஓரங்களில் உப்பு, மிளகாய் அளவைக் கூட்டியும் குறைத்தும் பென்சிலால் இரண்டு தலைமுறைக் கையெழுத்து.

இலக்கியக் கூட்ட மேடைகளில் இப்படிப்பட்டவரைப் பார்க்க முடியாது. விமர்சகர்களின் பட்டியலிலும் இவர் இல்லை. ஆனால் தமிழில் வார, மாத இதழ்களை வாழவைத்தது இவர்தான். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தது இந்த வாசகர் கூட்டம்தான்.

தென்சென்னைப் புறநகரில் இந்த வாசிப்பு வளர்ந்ததற்கு மின்சார ரயிலும் ஒரு காரணம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் புத்தகமாக வெளிவந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது அந்த ஐந்தில் இரண்டு விதிகளின் சாரம். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் இந்த விதிகளைத் தாம்பரம் ரயில் பெட்டி தன் போக்கில் நிரூபித்தது. 1969-ல் ராணிமுத்து வந்து, பிறகு மாலைமதியும் க்ரைம் நாவல்களும் பெருகிய காலத்தில், ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாத நாவலை வாங்கிக்கொண்டு ஏறினால், ரயில் பீச் போய்ச் சேருவதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான். படித்து முடித்தது பக்கத்து சீட்டுக்குப் போகும். குரோம்பேட்டை, நங்கநல்லூர், சேலையூர்ப் பக்கம் வாடகை நூலகங்கள் இருந்தன. முன்பணம் கட்டிவிட்டு, சொற்ப வாடகைக்கு எடுத்துப் போகலாம். அட்டையின் உள்பக்கம் ஒட்டிய தாளில் வரிசையாகத் தேதி முத்திரைகள் விழும். அந்தத் தாளைப் பார்த்தாலே எது ஓடுகிற புத்தகம், எது தூங்குகிற புத்தகம் என்று தெரிந்துவிடும்.

எல்லாம் படிப்பவர் எதையும் ஆழமாகப் படிப்பதில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் இந்தப் பெண்மணி ஒரு விஷயம் சொன்னார். ‘பொன்னியின் செல்வ’னில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்த வீராணம் ஏரியிலிருந்துதான் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. “கல்கி கடல் மாதிரின்னு காட்டின ஏரி, அசோகமித்திரன் எழுதின ஊருக்குக் குடிக்கக் கொடுக்குது பாருங்க” என்றார். ஒரே தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இப்படி ஓர் எண்ணம் தோன்றும்.

அந்தத் தட்டுதான் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது.

முதல் அடி வெள்ளம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. ஃப்ரிட்ஜும் மெத்தையும் போனதைக் கணக்கெடுக்க ஆள் வந்தது, புத்தகம் போனதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஊறிய புத்தகம் வீங்கும். நெருக்கி அடுக்கியிருந்தால் தட்டையே பிளந்துவிடும். வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிடும். சாணித்தாளில் அச்சடித்த மாத நாவல் கூழாகும், நடுவில் அடித்த பின் துருவேறிப் பழுப்புக் கறையை விட்டுப்போகும். ஈரப் புத்தகத்தை இரண்டு நாளுக்குள் உறைகுளிரில் வைத்தால் பூஞ்சையைத் தடுக்கலாம், பக்கங்களுக்கு இடையே ஒற்றுத்தாள் வைத்து நிழலில் காற்றாட விட வேண்டும் என்பது ஆவணக்காப்பாளர்களுக்குத் தெரியும். மின்சாரமே இல்லாத வீட்டில் உறைகுளிருக்கு எங்கே போவது? மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார்கள். காய்ந்ததும் விறைத்துக் கோணலானவற்றைக் குப்பை லாரியில் ஏற்றினார்கள்.

இரண்டாவது அடிக்குச் சத்தமே கிடையாது. தனி வீடு அடுக்குமாடிக் குடியிருப்பாகிறது. கூடத்து அலமாரி புதிய ஃபிளாட்டில் பொருந்துவதில்லை. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். பழைய பேப்பர் கடைக்காரரின் தராசில் பொன்னியின் செல்வனும் போன வாரப் பேப்பரும் ஒரே விலைக்குப் போகின்றன. முன்பு இப்படிப் போனவை மூர்மார்க்கெட்டுக்குப் போய் வேறு வாசகர் கையில் சேரும். 1985 தீ விபத்து அந்தப் பழைய கட்டடத்தையே கொண்டுபோய்விட்டது.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, செல்போனிலேயே படிக்கலாமே என்று கேட்கலாம். பொன்னியின் செல்வனைப் படிக்கலாம். ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கி இதழிலிருந்து கிழித்தெடுத்து, துணிமுதுகு வைத்துத் தைத்த பைண்டு வால்யூமில் ஓவியர் மணியத்தின் படங்கள் இருக்கும். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரம், ஒரு துணுக்கு, யாரோ கணக்குப் போட்ட பென்சில் குறிப்பு எல்லாம் இருக்கும். எந்தப் பக்கத்தைக் காப்பாற்ற எந்தப் பக்கத்தை வெட்டினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. இவை எந்த மின்னூலிலும் வராது.

இதன் அருமையைத் தனியாளாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா. நல்ல நூல், மலிவு நூல் என்று பிரிக்காமல், துப்பறியும் கதை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க முன்வந்தது. 1994-ல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். உலகின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் அங்கே வந்து தேடுவதில், ஒருகாலத்தில் படித்துவிட்டுத் தூக்கிப்போட்ட தாள்களும் சேர்த்தி.

ஒரே நூலகம் ஊரின் எல்லா அலமாரிகளையும் வாங்கிக்கொள்ள முடியாது. கிளை நூலகங்களிலும் இடம் நெருக்கடிதான். ஆனாலும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. 1948-ன் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. இத்தனை ஊருக்கும் சேர்த்து ஒரே ஓர் அறை, உயரமான மாடியில், வெள்ளம் ஏறாத இடத்தில் கேட்பது பேராசை ஆகாது. அங்கே வருகிற புத்தகங்களைக் கதை, கவிதை, சமையல் என்று உடனே பிரித்துவிடாமல், எந்த வீட்டிலிருந்து எந்த வரிசையில் வந்தன என்று முதலில் பதிந்துகொள்ள வேண்டும்.

அறை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1937-லிருந்து தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி உட்பட, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு வீடு இடிக்கப்படப் போகிறது என்று தெரிந்ததும் போய், அலமாரியைத் தட்டுத் தட்டாக செல்போனில் படமெடுக்க வேண்டும். புத்தக முதுகுகள் எழுத்துத் தெரியும்படி விழ வேண்டும். வாடகை நூலகத் தாள் இருந்தால் அதையும், ஓரக் குறிப்புகளையும் தனியாக எடுக்க வேண்டும். எது யாருடையது, எப்போது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர் சொல்வதைக் குரலாகவே பதிந்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஒரு பிற்பகல் போதும். பழைய பேப்பர் கடையிலிருந்து வண்டி வருவதற்குள் முடித்துவிடலாம்.