எலுமிச்சை தின்ற கல்

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பைக் கல்லால் ஆனது. ஒரு கோடை இரவில் எலுமிச்சைச் சாறு வழிந்த டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். காலையில் அங்கே வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள் அக்கா, போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் தூளால் தேய்த்தாள். சுற்றியிருந்த பளபளப்பும் போயிற்று! ஒரு கறையைக்கூடப் போக்கத் தெரியவில்லையே என்று அவளுக்குத் திட்டு விழுந்தது. பாவம், அது கறையே அன்று.

கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. அதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்தான் பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல் ஆகிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், புளியில் டார்டாரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன அல்லவா? இவை பட்டதும் கால்சியம் கார்பனேட் சிதைகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. கல்லின் மேற்பரப்பு சிறிது அரிக்கப்படுகிறது. வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால் பளபளக்கும். அரிபட்ட பரப்போ ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கும். ஆகவே மங்கலாகத் தெரிகிறது. வட்டத்தில் ஏதும் ஒட்டியிருக்கவில்லை. இருந்த கல்தான் குறைந்துவிட்டது. இல்லாததை எப்படித் தேய்த்து எடுப்பது? மறுபடி மெருகு தீட்டினால்தான் உண்டு.

தூள் செய்த கேடு வேறு வகை. 1812-இல் பிரெடெரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையில் கால்சைட்டின் எண் 3. மணலில் உள்ள குவார்ட்ஸின் எண் 7. மணல் கலந்த எதுவும் இக்கல்லைக் கீறும்.

கிரானைட்டின் கதை வேறு. குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் நிறைந்த அது, புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாது. கடைகளில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படுபவற்றில் பல, நிலவியலார் கணக்கில் கிரானைட்டே அல்ல. டோலரைட் போன்ற வேறு எரிமப் பாறைகள். பெயர் எதுவாயினும் சமையலறை அமிலங்களை அவையும் நன்கு தாங்கும்.

உங்கள் வீட்டு மேடை எந்த இனம்? கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் சுண்ணாம்பு இனம். வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்தத் தடம் போகாது!

குழாயடியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீர்கள். கடின நீர் உலர்ந்ததும் தங்கும் அப்படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். கிரானைட் மேடையானால் வினிகர் தோய்த்த துணியால் துடைத்து, உடனே கழுவிவிடலாம். கடப்பைக் கல்லிலும் சலவைக்கல்லிலும் அந்த வைத்தியம் ஆகாது. படிவும் கல்லும் அங்கே ஒரே பொருள். அமிலம் இரண்டையும் தின்னும். கழிவறை ஆசிடை எந்த மேடையிலும் ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் பவுடருடன் அது கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

தினசரிப் பராமரிப்புக்கு மென்மையான சோப்பு நீரும் ஈரத்துணியும் போதும். புளித்தண்ணீர் சிந்தினால் அப்போதே துடைத்துவிட வேண்டும்.

கிரானைட்டின் பகை எண்ணெய். அதன் நுண்துளைகள் வழியே நுண்குழாய்க் கவர்ச்சியால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கருந்திட்டாகும். இது உண்மையான கறை. ஆகவே எடுக்க முடியும். சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடிவைத்து, பின்பு திறந்து உலர விடுங்கள். எண்ணெய் பசைக்குள் ஏறிவரும். ஒரு முறையில் போகாவிட்டால் மறுபடி தடவலாம்.