இல்லாத எண்ணெயும் பொல்லாத பேரமும்

சிவகாசியின் பட்டாசு ஆலைகளைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே அறைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. இடைவெளி விட்டே கட்டப்பட்டிருக்கும். ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம், இத்தனை பேர்தாம் அமரலாம் என்பது சட்டம். ஓரிடத்தில் தீப்பற்றினாலும் மற்றோரிடம் பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மருந்திடம் காட்டும் இந்த விழிப்பை, உழைத்து ஈட்டிய பொருளிடமும் நாம் காட்டுகின்றோமா?

கச்சா எண்ணெய்க்கும் இவ்வூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. தீக்குச்சியை நனைக்கும் மெழுகு அதிலிருந்து கிடைப்பதே. மெழுகு, சிவப்புப் பாஸ்பரஸ், அட்டை ஆகியவற்றின் விலை ஏறியதால், பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. இத்தகைய ஏற்ற இறக்கத்தைக் காண்போர், எண்ணெய் விலையை முன்னரே கணித்துப் பொருளீட்டினால் என்ன என்று எண்ணுகின்றனர். கைப்பேசியிலேயே முன்பேரச் சந்தையின் வாசல் திறந்து கிடக்கின்றது.

2020 ஏப்ரல் 20ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தையில் அன்றுடன் தவணை முடியும் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் ஒன்று 100 பீப்பாய் கொண்டது. ஊரடங்கின் காரணமாகச் சந்தை மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. அப்போது பீப்பாய் 965 ரூபாய். அன்றிரவு நியூயார்க்கில், கொரோனாவால் தேவை குன்றி, எண்ணெயைச் சேமிக்க இடமுமின்றி, விலை பூஜ்யத்திற்கும் கீழே 37.63 டாலருக்கு வீழ்ந்தது. அதையொட்டி இங்கும் பூஜ்யத்திற்குக் கீழே 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது.

965 ரூபாய்க்கு ஒரேயோர் ஒப்பந்தம் வாங்கியவரின் நட்டம் 3,84,900 ரூபாய். அவர் வாங்கிய எண்ணெயின் முழு மதிப்போ 96,500 ரூபாய்தான்! இவ்வளவு இறங்கினால் விற்றுவிடுக என்று முன்கூட்டியே உத்தரவு கொடுத்திருந்தவர்களுக்கும் பயனில்லை. பூட்டிய சந்தையில் விற்பது எங்ஙனம்? மார்ஜின் எனப்படும் சிறு ஈட்டுத்தொகையைக் கட்டிப் பெருஞ்சரக்கைப் பேரம் பேசுவோர், போட்ட பணத்தோடு நட்டம் நின்றுவிடும் என்று நம்பலாகாது.

நமது மார்க்கம் வணிகத்தைத் தடுக்கவில்லை; வட்டியையும் சூதையும் நிச்சயமற்ற பேரத்தையுமே தடுக்கின்றது. தன்னிடம் இல்லாததை விற்கலாகாதென ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அதே வேளையில், மதீனத்து மக்கள் கனிகளுக்கு ஈராண்டு, மூவாண்டு முன்னரே பணம் கொடுத்து வந்ததைக் கண்டு, அளவும் எடையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இதுவே ஸலம். விலை முழுவதும் முன்னரே தரப்படுவது இதன் நிபந்தனை. தீப்பெட்டி செய்பவர் நாளைய மெழுகை இன்றே முழுப்பணம் கொடுத்து இம்முறையில் வாங்கலாம். விலையும் கைமாறாமல், சரக்கும் கைமாறாமல், ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு மட்டும் கைமாறும் பேரம் இதுவன்று. அத்தகைய முன்பேரம் ஆகாதென்றே 1992இல் ஜித்தாவின் பன்னாட்டு இஸ்லாமியச் சட்டக் கழகமும் முடிவு செய்தது.

எனவே அன்பர்களே, தீபாவளிப் பருவம் முடிந்து கையில் பொருள் சேரும் வேளையில் மூன்றை மறவாதீர்கள். கடன் வாங்கி முதலிடாதீர்கள். வீட்டுச் செலவுக்கும் மகளின் திருமணத்திற்கும் உரிய பணத்தைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். உள்ளது முழுவதையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மைந்தர்களை ஒரே வாயிலால் நுழையாது வெவ்வேறு வாயில்களால் நுழையுமாறு கூறியனுப்பியதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. இறைவனின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் அவர்கள் அப்போதே உரைத்தார்கள். முன்னெச்சரிக்கை நம் கடமை, முடிவு அவனிடம். இரண்டையும் அறிந்து பொருளீட்டுபவர் இம்மையிலும் மறுமையிலும் நட்டமடையார்.